பின்பலகைச் சத்தம்

அத்தியாயம் 14

போன வாரம் ஷர்மிளாவை லாரிக் காகிதங்களுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். இன்ஷூரன்ஸ் தாளைத் தேடிய கையில், நாள்காட்டி அட்டையில் வெட்டிய ஒரு வட்டம் கிடைத்தது, ஞாபகம் இருக்கிறதல்லவா? டிபன் மூடியை வைத்துக் கோடு போட்டு, கத்தரியால் சுற்றி வெட்டியது. நடுவில் பென்சிலில் எழுதியிருந்தது: ‘பின்னால. 2.’

அவள் கணவன் ஜெயகணேஷின் கையெழுத்து அது. அவன் போய் ஐந்து மாதம் ஆகிறது.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணன் ஜெயகணேஷும் தம்பி சுதனும் சேர்ந்து ஒரே லாரியை ஓட்டினார்கள். கிளீனர் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவன் ஓட்டினால் மற்றவன் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கைப் பலகையில், திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வான். வைகாசியில் ஒரு காலை, உல்லாஸ்நகரில் லோடு ஏற்றி டிராம்பே வருகிற வழியில், அந்தப் பலகையில் படுத்த ஜெயகணேஷ் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தெட்டு வயது. மாரடைப்பு.

“அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாவ மதினி. ஒரு சத்தம் இல்ல.”

சுதன் அன்று வந்து சொன்ன சொல் அது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஷர்மிளா இந்த ஐந்து மாதமும் எழுந்து நடமாடுகிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். வலி தெரியாமல் போனாரே, அது போதும் என்றாள்.

அது பொய். பொய் என்று சுதனுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

விடிந்தால் ஆயுத பூஜை. இன்று காலை அந்த அட்டை வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷர்மிளா கேட்டாள்.

“சுதன், வருஷா வருஷம் பூஜைக்கு வண்டிக்குப் புதுசா ஒண்ணு போடுவிய. இந்த வருஷம் என்ன போடப் போற?”

தாராவித் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டு வாசலில், சுதன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, “இந்த வருஷம் என்ன மதினி பூஜை” என்றான்.

“உங்க அண்ணன் அளவெடுத்து வச்சிருக்காவ பாரு. பின்னால ரெண்டு ஸ்பீக்கர்.”

அவன் அட்டையைப் பார்த்தான். தொடவில்லை.

“பின்னால யாரு படுக்கா இப்ப? யாருக்கு அது?”

“யாருக்கோ. அவிய ஆசைப்பட்டது.”

உள்ளே இருந்து அம்மா அன்னத்தாயின் குரல் வந்தது. “ஏல, பெத்தவ நானே பூஜை போடணும்னு நிக்கேன். உனக்கு என்ன வந்துச்சு? மதினியைக் கூட்டிட்டுப் போயி மாட்டிட்டு வா. புதுசு மாட்டிட்டு வந்ததும் சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிருக்கேன்.”

அம்மா சொன்ன பிறகு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

லாரியில் ஏறியதும் ஷர்மிளாவின் கண்ணில் முதலில் பட்டது ஸ்டீரியோவின் மேல் தொங்கிய துண்டு. நீலக் கட்டம் போட்ட துண்டு. நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, பெட்டியே தெரியாமல் மூடியிருந்தது.

“என்ன இது?”

“தூசி மதினி.”

“மத்ததுல எல்லாம் தூசி விழாதாக்கும்?”

அவன் வண்டியைக் கிளப்பினான். ஒரு காலத்தில் தெருமுனை திரும்பும்போதே இந்த வண்டியின் பாட்டு வீட்டுக்குக் கேட்கும். அண்ணனுக்கு நையாண்டி மேளம் என்றால் உயிர். தாராவி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் தன் போனிலேயே பிடித்து, பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தான். அவன் போன நாளிலிருந்து வண்டிக்குள் இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

இன்ஜின் சத்தமும், இன்னொன்றும்.

சயான் தாண்டி ஒரு வேகத்தடையில் லாரி ஏறி இறங்கியது. அப்போது சுதனின் முதுகுக்குப் பின்னால், பலகையில், கேட்டது.

டப்.

சுதனின் கால் தானாக பிரேக்கில் விழுந்தது. பின்னால் வந்த டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்து, ஜன்னல் வழியே அவன் குடும்பத்தையே இந்தியில் விசாரித்துவிட்டுப் போனான்.

“ஏன் நிறுத்துன?” என்றாள் ஷர்மிளா.

“உங்களுக்குக் கேக்கலியா?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னால் நிற்கிறவன் பாடியில் ஒரு தட்டு தட்டினால், நிறுத்து. இரண்டு தட்டினால், போகலாம். வாயால் கத்தினால் காதில் விழாது என்பதற்காக வந்த பழக்கம். அண்ணன் தம்பி இருவரும் படுக்கைப் பலகையிலும் அதையே வைத்திருந்தார்கள். டீ குடிக்க வேண்டுமா, ஒன்று. முடிந்து ஏறிப் படுத்தாயிற்றா, இரண்டு.

இந்த ஐந்து மாதமாக ஆளில்லாத பலகையிலிருந்து சுதனுக்கு ஒன்று மட்டும்தான் கேட்கிறது. நிறுத்து, நிறுத்து என்று. பலகையைக் கழற்றிப் பார்த்தான். திருகாணிகளை முறுக்கினான். இடுக்கில் துணி செருகினான். சத்தம் நிற்கவில்லை.

செம்பூர் தாண்டி டிராம்பே ரோட்டோரம் ஹாஃபிஸாவின் கடை. பூர்வீகம் கடையநல்லூர். புருஷன் துபாய்க்குப் போனதும் கடையைத் தானே எடுத்து நடத்துகிறவள். பர்தாவின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, பல்லால் வயர் தோலை உரிப்பாள். லாரிக்காரர்கள் அவளிடம் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

“வா சுதன். அரே, அஞ்சு மாசமா ஆளையே காணோம்” என்றவள், ஷர்மிளாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். “வா தங்கச்சி. கேள்விப்பட்டேன். வந்து பாக்க முடியல.”

ஷர்மிளா தலையசைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

ஹாஃபிஸா முதலில் எடுத்து வைத்தது முட்டை வடிவத்தில் பெரிய ஜோடி. “இப்ப எல்லாரும் இதுதான் கேக்காங்க. ஆறுக்கு ஒம்போது இஞ்சு. அடிச்சா நெஞ்சு அதிரும்.”

‘நெஞ்சு’ என்றதும் சுதன் வெளியே ரோட்டைப் பார்த்தான்.

ஷர்மிளா அட்டை வட்டத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“இது இல்ல அக்கா. இந்த அளவுக்கு வேணும்.”

“அட்டையை வச்சா ஸ்பீக்கர் வாங்குவாங்க? சட்டையா தைக்கப் போறோம்?” என்று சிரித்தாள் ஹாஃபிஸா. ஆனால் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பின்பக்கம் பென்சிலில் இன்னும் நாலு வரி இருந்தது. பின்சுவர்ப் பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம். தலைமாட்டில் வேண்டாம். கால்மாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று. சத்தம் வேண்டாம், தெளிவு போதும்.

“விவரமான ஆளுதான் உன் மாப்பிள்ளை” என்றாள் மெதுவாக. “பெருசைப் போட்டா மேக்னெட் போயித் தகரத்துல முட்டும். வண்டி குலுங்கக் குலுங்கக் கடகடன்னு அடிக்கும். ஆறு இஞ்சு வட்டந்தான் சரி. அதுலயும் மேக்னெட் சின்னதா இருக்கணும்.”

மூன்று ஜோடி எடுத்து வந்தாள். ஒன்றில் மேக்னெட் பெரிது. ஒன்று பாட்டைக் கரகரவென்று பாடியது. மூன்றாவது, விலை நடுத்தரம், மேலே கறுப்புக் கம்பி வலை. அட்டையை வைத்ததும் வட்டத்தோடு வட்டம் ஒட்டிக்கொண்டது.

ஷர்மிளா அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். “இதுதான்” என்றாள்.

மாட்டுகிற வேலை இரண்டு மணி நேரம் இழுத்தது. ஹாஃபிஸா செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கைப் பலகையில் ஏறி, பின்சுவரின் ரெக்ஸினை ஓரத்தில் கிழித்து மடக்கினாள். கீழே பிளைவுட்டில் பென்சில் வட்டம் இரண்டு இருந்தன. அண்ணன் முன்பே போட்டு வைத்தது. கால்மாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று.

“பாரு, என் வேலையைப் பாதி முடிச்சு வச்சிருக்கான்.”

ரம்பம் வட்டத்தைச் சுற்றிவந்தது. தூள் பறந்தது. இரண்டு விரல் இடம்கூடப் போதவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மர வளையம் செய்து, அதன் மேல் ஸ்பீக்கரை வைத்து, நாலு பக்கமும் திருகாணியை முறுக்கினாள். உள்ளே தொங்கிய வயரையெல்லாம் துணி டேப்பால் சுற்றி, அரை அடிக்கு ஒரு கிளிப் அடித்தாள். பலகையின் ஒவ்வொரு திருகாணியையும் கையால் ஆட்டிப் பார்த்தாள்.

“ஸ்பீக்கர் மாட்டுன பிறகு வண்டியில எது ஆடினாலும் கழுதை என் பேருதான் கெடும். இனி மலையில இருந்து உருட்டினாலும் ஒரு சத்தம் வராது.”

சுதன் கீழே நின்றபடி, “நெசமாவா அக்கா?” என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தில் ஹாஃபிஸா அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

பிறகு முன்னால் வந்து ஸ்டீரியோ மேல் இருந்த துண்டை உரித்தாள்.

“பேட்டரி வயரைக் கழட்டிட்டுத்தானே அக்கா செய்வீங்க?” சுதனின் குரல் அவசரமாக வந்தது.

“எதுக்கு? கழட்டினா செட்டுல உள்ள செட்டிங் எல்லாம் போயிரும். பின்வயர் நாலைச் சொருகணும், அவ்வளவுதான்.”

“கழட்டிருங்க அக்கா.”

“அட, நீ போயி சீட்டுல உக்காரு. தங்கச்சி, நீ பின்னால ஏறிப் படு. படுக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்லா.”

ஷர்மிளா புடவையை ஒதுக்கிக்கொண்டு பலகையில் ஏறினாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் ஒரு நாளும் அதில் படுத்ததில்லை. தலைமாட்டில் கணவனின் எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. அதன் மேல் தலையை வைத்தாள். திரையை இழுத்துக்கொண்டாள்.

சுதன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். கை இரண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன.

ஹாஃபிஸா பித்தானை அமுக்கினாள்.

மேளம் இடியாய் விழுந்தது.

தொடக்கம் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் நின்ற அதே அடியில், பாதித் தாளத்தில், தவில் ஓங்கிய இடத்தில் தொடங்கியது. கண்ணாடி அதிர்ந்தது. எதிர்க் கடை நாய் எழுந்து ஓடியது. “யா அல்லாஹ்!” என்று ஹாஃபிஸா காதைப் பொத்திக்கொண்டு செட்டில் ஒளிர்ந்த சத்த அளவைப் பார்த்தாள். நாற்பதில் முப்பத்தாறு.

அந்த இரைச்சலுக்குள், சுதனின் முதுகில் ஒரு அதிர்வு.

டப்.

இந்தத் தடவை சுதன் அணைத்தான்.

அமைதி. திரைக்குப் பின்னாலிருந்து ஷர்மிளாவின் கோபக் குரல் வந்தது. “எத்தனை தடவை கத்துனேன், அணை அணைன்னு? ரெண்டு பேருக்கும் காது போச்சா? பலகையைத் தட்டின பிறகுதான்...”

பேச்சு அங்கேயே அறுந்தது.

ஹாஃபிஸா இருவரையும் பார்த்தாள். “டீ சொல்லிட்டு வாரேன்” என்று இறங்கிப் போய்விட்டாள்.

“சுதன்.” குரல் இப்போது வேறாக இருந்தது. “இந்தச் செட்டை எப்ப கடைசியா போட்ட?”

அவன் உரித்துப் போட்ட துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

“அன்னைக்கா?”

“ஆமா மதினி.”

“இதே சத்தத்துலயா?”

முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சுதன் சொன்னான். ஐந்து மாதம் அடைத்து வைத்தது, ஒரே மூச்சில் வந்தது.

“படுக்கப் போகும்போது அண்ணன்தான் சொன்னாவ. பின்னால ஒண்ணும் கேக்க மாட்டேங்கு, கொஞ்சம் கூட்டி வையிலன்னு. கூட்டி வச்சேன். முலுண்ட் டோல் நாக்கா தாண்டி முதுகுல ஒரு தட்டு விழுந்துச்சு மதினி. ஒண்ணே ஒண்ணு. எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரியலன்னு சொல்ல மாட்டேன். ஆனா மேளம் உச்சத்துல இருந்துச்சு. அண்ணன் தாளம் போடுதாவன்னு நினைச்சேன். சந்தோசமா இருக்காவன்னு... இன்னும் கூட்டி வச்சேன்.”

திரை அசையவில்லை.

“டிராம்பே கேட்டுல வந்துதான் அணைச்சேன். அண்ணே, வந்தாச்சு, எந்திரின்னு சொன்னேன். அப்பதான்... டாக்டர் கேட்டாரு, எப்ப வலி வந்துச்சுன்னு. தூக்கத்துலன்னு சொல்லிட்டேன். உங்க மூஞ்சியைப் பார்த்ததும் உங்ககிட்டயும் அதையே சொல்லிட்டேன்.”

ஹாஃபிஸா டீ கொண்டுவந்து முன்பலகையில் வைத்தாள். ஆடை கட்டும்வரை யாரும் தொடவில்லை. அவள் சத்தத்தை முப்பத்தாறிலிருந்து எட்டுக்கு இறக்கி, சமமாகக் கேட்கும்படி முன்னையும் பின்னையும் சரிசெய்து, மறுபடி அணைத்தாள். “பத்திரமா போ” என்று கதவைச் சாத்தினாள்.

ஷர்மிளா பின்னாலிருந்து இறங்கி முன்சீட்டுக்கு வரவில்லை. அழுகைச் சத்தமும் வரவில்லை. சுதன் சாவியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகலாமா என்று கேட்க நாக்கு எழவில்லை. திரையை விலக்கிப் பார்க்கத் துணிவில்லை. இறங்கி ரோட்டில் நடந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தான்.

அப்போது பலகையில் கேட்டது.

டப். டப்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது.

வழி நெடுக வேகத்தடைகள் வந்தன. ஹாஃபிஸா சொன்னது உண்மைதான். பலகை ஒரு முனகல்கூட முனகவில்லை. மாட்டுங்கா வரும்போது வாழைக்கன்றும் செவ்வந்தியும் விற்கிற கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக சுதனின் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. மதினி போ என்று சொல்லிவிட்டாள். பேசவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிற இடத்தில் அன்னத்தாய் தட்டில் எலுமிச்சம்பழமும் குங்குமமுமாகத் தயாராக நின்றாள். சுதன் வண்டியை நிறுத்தினான். ஷர்மிளா திரையை விலக்கி இறங்கினாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. இரண்டு கையாலும் அந்த அட்டை வட்டத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

“ஒண்ணு கேட்டேன். பதில் சொல்லாமலே வண்டியை எடுத்துட்ட” என்றாள்.

“எப்ப மதினி?”

“அங்க, கடை வாசல்ல. நான் கேக்கக் கேக்க நீ கிளப்பிட்ட.”

“இன்ஜின் சத்தத்துல கேக்கல மதினி. நீங்க ரெண்டு தட்டு தட்டினிய, அதான் எடுத்தேன்.”

ஷர்மிளா அவனையே பார்த்தாள்.

“நான் எங்க தட்டினேன்?”

சுதன் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான். அவள் தொடர்ந்தாள்.

“நான் கேட்டது இதுதான். அன்னைக்கு அந்த ஒரு தட்டோட நின்னுச்சா? அதுக்கப்புறம் வேற ஒண்ணும் உனக்குக் கேக்கலியா? நல்லா நினைச்சுச் சொல்லு. எனக்கு அது தெரியணும்.”

லாரியின் பின்பலகைப் பக்கம் அவன் மெல்லத் திரும்பினான். திரை பாதி திறந்திருந்தது. உள்ளே கறுப்பு வலை போட்ட இரண்டு வட்டம், கால்மாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று.

“அன்னைக்குக் கேக்கல மதினி” என்றான். “இன்னைக்குத்தான் கேட்டுச்சு. ரெண்டு.”

முன்சக்கரத்தின் பக்கம் சருக்கென்று ஒரு சத்தம். அன்னத்தாய் குனிந்த வாக்கில் நின்றிருந்தாள். தட்டு சாய்ந்து, எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு டயருக்கு அடியில் போயிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“யாரு தட்டினா?” என்றாள். “அன்னைக்குன்னா என்னைக்கு? ஏல, என் பிள்ளை தூக்கத்துலதானே போனான்?”

சுதன் மதினியைப் பார்த்தான். ஷர்மிளா அத்தையின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். மற்ற கையால் அட்டை வட்டத்தை அவன் சட்டைப் பையில் செருகினாள்.

“நான் சொல்ல மாட்டேன் அத்தை” என்றாள். “அவன் சொல்லுவான்.”